சாக்கடை பொங்கினால் யாரைக் கூப்பிடுவது? மாநகராட்சியா, மெட்ரோ வாட்டரா?

சென்னையில் தெரு ரோடு, குப்பை, மழைநீர் கால்வாய் மூன்றும் மாநகராட்சி பொறுப்பு. குடிநீரும் பாதாள சாக்கடையும் மெட்ரோ வாட்டர் பொறுப்பு. ஒரே தெருவுக்கு ரெண்டு ஆபீஸ்.

1978 வரை தண்ணீரும் மாநகராட்சி கையில்தான் இருந்தது. அந்த ஆண்டு தனிச்சட்டம் போட்டு குடிநீர் வாரியத்தை உருவாக்கினார்கள். அதில் நியாயமும் உண்டு. சென்னை குடிக்கும் தண்ணீர் சென்னையில் இல்லை. பூண்டி ஏரி திருவள்ளூர் மாவட்டம், செம்பரம்பாக்கம் காஞ்சிபுரம், வீராணம் கடலூர். ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனியாக அங்கே போய் குழாய் போட முடியுமா?

2011-ல் அம்பத்தூர், ஆலந்தூர் உள்பட 42 உள்ளாட்சிகள் சென்னையில் சேர்ந்தன. 174 சதுர கி.மீ. ஊர் 426 ஆனது. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சி ஆகிவிட்டன.

பக்கத்து ஊர்களுக்கு எப்போதும் உள்ள சிக்கல் இதுதான்: தண்ணீர், சாக்கடையை நாமே பார்ப்பதா, பொது வாரியத்திடம் விடுவதா? விட்டால் பெரிய திட்டம் வரும். ஆனால் கவுன்சிலரை மடக்கிக் கேட்டால், ‘அது வாரியத்து வேலை’ என்று நழுவி விடுவார்.

சென்னைவாசிகள் குடிநீர், சாக்கடைக்கு 1916-ஐ கூப்பிடலாம். குப்பை, மழைநீர் கால்வாய்க்கு 1913. மழைநீர் கால்வாயில் சாக்கடை கலந்தால் ரெண்டு நம்பருக்கும் போட்டு, புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வெச்சுக்கணும்.