எண் வகுத்த இல்லம்

கொச்சிக் காயலில், எர்ணாகுளத்துக்கும் வைப்பினுக்கும் இடையே வல்லார்பாடம் என்னும் சிறு தீவு கிடக்கிறது. இன்று அதன் பெயரைச் சொன்ன அளவில், 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறந்து வைக்கப்பட்ட சரக்குப் பெட்டக முனையமே பலர் நினைவுக்கு வரும். இத்தகைய முனையங்களில், எந்தப் பெட்டகம் எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் நிற்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி கணக்கிட்டுச் சொல்கிறது. முன்கூட்டி வகுத்த விதிகளைப் படிப்படியாகப் பின்பற்றி விடை காணும் இம்முறையை அல்காரிதம் என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்து, இந்திய எண்முறையைப் பற்றி நூல் எழுதிய அல் குவாரிஸ்மி என்னும் கணித அறிஞரின் பெயரே திரிந்து இச்சொல்லாயிற்று.

கட்டடக் கலையிலும் இம்முறை இன்று பயின்று வருகிறது. கலைஞர் ஒவ்வொரு கோடாக வரைவதற்கு மாறாக, விதிகளை மட்டும் வகுத்துத் தருகிறார். அவ்விதிகளுக்கு இணங்கப் பல வடிவங்கள் தாமே உருவாகின்றன. அவற்றுள் பொருந்துவதைத் தேர்ந்துகொள்கிறார். இது கணிப்பொறி ஈந்த புதுமை என்று கருதுவோர் பலர். நம் நாட்டுத் தச்சர்களின் வரலாற்றை நோக்கினால், விதியைக் கொண்டு வீட்டை விளைவிக்கும் கருத்து நமக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

காயலைக் கடந்து மட்டாஞ்சேரிக்குச் செல்வோம். அங்குள்ள அரண்மனையைப் போர்ச்சுகீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். பின்னர் 1663ஆம் ஆண்டளவில் டச்சுக்காரர் அதைச் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்தது. கட்டுவித்தவரும் செப்பனிட்டவரும் அயலவர். ஆயினும் அதன் அமைப்போ, நடுவில் முற்றமும் நாற்புறமும் கட்டுகளும் கொண்ட கேரளத்து நாலுகெட்டு. இவ்வமைப்புக்கு அடிப்படையாக நின்ற கணக்கு யாது?

பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூஸ்ஸத் இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகை என்னும் வடமொழி நூல், கேரளத்து இல்லங்களுக்கு இலக்கணம் கூறுவது. மனை நூல்களின் வாயிலாக நம் தமிழகத்திலும் அறியப்பட்ட ஆயாதிக் கணக்கு அங்கும் உண்டு. அக்கணக்கின் ஒரு பகுதியை மட்டும் இங்குக் காண்போம்.

தச்சரின் கோல் 24 அங்குலம் கொண்டது. இந்த அங்குலம் ஆங்கில அங்குலம் அன்று. ஒரு கோல் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். கட்டடத்தின் சுற்றளவைக் கோலால் அளந்து, 3ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் எஞ்சும் மீதிக்கு யோனி என்று பெயர். மீதி ஒற்றைப்படையாயின் கொள்ளலாம். இரட்டைப்படையாயின் தள்ள வேண்டும். 1 கிழக்குக் கட்டுக்கும், 3 தெற்குக் கட்டுக்கும், 5 மேற்குக் கட்டுக்கும், 7 வடக்குக் கட்டுக்கும் உரியன. சுற்றளவு 27 கோல் என்று கொள்வோம். அதன் மும்மடங்கு 81. 8ஆல் வகுக்க மீதி 1. ஆகவே கிழக்குக் கட்டுக்குப் பொருந்தும். 28 கோலாயின் மும்மடங்கு 84, மீதி 4. அது தள்ளத்தக்கது.

மூன்றால் பெருக்குவது எதற்கு என்று கேட்கலாம். ஒரு கோலில் 8 அங்குல அலகுகள் மூன்று உள்ளன. ஆகவே அப்பெருக்கல், கோலை அச்சிற்றலகாக மாற்றுவதேயன்றி வேறன்று. அவ்வலகுகளை எட்டெட்டாகக் கழித்தபின் எஞ்சுவதே யோனி. இதனால், ஒரே திசைக்குரிய சுற்றளவுகள் 64 அங்குல இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. தாளும் எழுதுகோலும் இன்றியே தேர்ந்த தச்சர் இதனை மனத்தால் கணக்கிட இயலும்.

இவ்விதி சுற்றளவை வரையறுக்கிறது. ஆனால் அறையின் வடிவை முற்றும் ஆணையிடுவதில்லை. 27 கோல் சுற்றளவை 8 கோல் நீளமும் 5½ கோல் அகலமுமாகக் கொள்ளலாம்; 7½ கோலும் 6 கோலுமாகவும் கொள்ளலாம். வேறு பொருத்தங்களும் பார்க்கப்படும் எனினும், இடத்துக்கும் குடும்பத்துக்கும் ஏற்பத் தேர்வதற்கு வழியிருந்தது. அளவு முடிவானபின், உத்தரமும், கழுக்கோல் என்று கேரளத்தார் கூறும் கைமரங்களும் தரையிலேயே செதுக்கப்பட்டு, மேலேற்றிப் பூட்டப்பெறும். நாலுகெட்டை இரட்டித்தால் எட்டுக்கெட்டு. அதனையும் இரட்டித்தால் பதினாறுகெட்டு. ஒரே விதி மீண்டும் மீண்டும் செயற்பட்டுப் பெரியதோர் ஒழுங்கைத் தோற்றுவிப்பதை இங்கே காண்கிறோம்.

மீதி ஒன்றானால் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அந்நூல்கள் மனையின் அளவையும் இடத்தையும் வருணத்துக்கேற்பப் பிரித்தன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. நாலுகெட்டில் வாழ்ந்தோர் வசதி படைத்தோரே. வயலில் உழைத்தவரின் குடிசைக்கு இத்தகைய கணக்கு எதுவும் பார்க்கப்படவில்லை. விதி எத்துணை நுட்பமாயினும், அதனுள் எவரைச் சேர்த்தோம், எவரை விட்டோம் என்ற கேள்வி எஞ்சியே நிற்கும்.

இக்கேள்வியை நம் காலத்தில் எதிர்கொண்டவர்களுள் கிறிஸ்டபர் அலெக்சாண்டர் என்னும் கட்டடக் கலை அறிஞர் குறிப்பிடத்தக்கவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அவர், குஜராத்தில் சுமார் 600 பேர் வாழ்ந்த பாவ்ரா என்னும் சிற்றூரை ஆராய்ந்தார். கால்நடை, குடிநீர், சாதி வழக்கம் என அவ்வூர் வாழ்வில் கருதவேண்டியனவாக 141 தேவைகளைப் பட்டியலிட்டார். எந்தத் தேவை எதனோடு பிணைந்தது என்பதை ஆய்ந்து, கணிப்பொறியின் துணையால் அவற்றைத் தொகுதிகளாகப் பிரித்தார். 1964இல் வெளிவந்த அவரது நூலில் இது விரிவாக இடம்பெற்றது. கணிப்பொறியைக் கட்டடக் கலைக்குப் பயன்படுத்திய தொடக்க முயற்சிகளுள் ஒன்று ஓர் இந்தியச் சிற்றூரைப் பற்றியது என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. எனினும், சில ஆண்டுகளுக்குள், வடிவமைக்கும் முறையைக் கட்டும் தொழிலினின்று பிரித்துத் தனியே போற்றுவதை அவரே மறுத்துரைத்தார்.

இனி வல்லார்பாடத்துக்கு மீள்வோம். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் இக்கரையோரத்தின் உருவையே மாற்றிக் கொச்சித் துறைமுகத்துக்கு வாயில் திறந்தது என்பர். வண்டலும் அலையும் எவர் ஆணையுமின்றித் தாமே ஒழுங்குபட்டு வகுத்த நிலம் இது. 1524இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய மாதா கோயில் 1676இல் வெள்ளத்தில் அழிந்தது. பாலியத்து இராமன் வலியச்சன் அளித்த நிலத்தில் அது மீண்டும் எழுந்தது. வெள்ளம் கொண்டதை மனிதர் கூடித் திரும்ப எழுப்பினர்.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்ததோ வேறு. பெட்டக முனையத்துக்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைப்பதற்காக, மூலம்பிள்ளி முதலிய ஊர்களில் 316 குடும்பங்கள் தம் இருப்பிடத்தை இழந்தன. 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. மார்ச்சில் மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்பின்னும் பல குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. இருபதடிப் பெட்டகம் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடத்தைப் பிழையின்றிக் குறித்துத் தரும் கணக்கு இருக்க, அதற்காக நிலம் விட்டவர்களின் இடம் மட்டும் குறிக்கப்படாமல் நெடுங்காலம் நின்றது.

தாயகம் விட்டு அயல் மாநிலங்களில் வாழும் நாம், பிறர் வகுத்த அளவுகளுக்குள் குடியிருந்து பழகியவர்கள். வருங்காலத்தில் நம் வீடுகளையும் நகரங்களையும் கணிப்பொறியே பெரிதும் வகுக்கக்கூடும். அதனை அஞ்சி விலக்க வேண்டுவதில்லை. எண்ணோடு இல்லத்தை இணைப்பது நம் முன்னோர் கண்ட வழியே. ஆயின், கணக்கைத் தொடங்குமுன் அவ்வீட்டில் வாழப்போகிறவரிடமும், அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்பவரிடமும் கேட்டறிதல் வேண்டும். இதனையும் ஒரு விதியாகச் சேர்ப்பதே இன்று நம் கடமை.