பாண்டியர் அரசுரிமைப் போரும் பல்லவராயர் பெற்ற படையாணையும்

மயிலாடுதுறையை அடுத்த பல்லவராயன்பேட்டையில் உள்ள கல்வெட்டொன்று, இரண்டாம் இராசாதிராசனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றது. மதுரை அரசுரிமை பற்றிய போரில் சோழ வேந்தன் தன் தலைவனுக்கு விடுத்த படையாணை இன்னது என்பதை நாம் அறிதற்கு அக்கல்வெட்டே முதன்மையான சான்று. அஃது ஒரு நிலக்கொடைச் சாசனம் என்பதனை ஆய்வாளர் பலரும் போதிய அளவு கருதிற்றிலர். இறந்துபட்ட அமைச்சரொருவரின் குடும்பத்தார்க்கு இறையிலி வழங்குங்கால், அவர் செய்த பணிகள் இவை என எடுத்துரைக்கும் பகுதியிலேயே படையாணை பேசப்படுகின்றது. சோழர் ஆட்சியில் வேந்தன் வாய்மொழி திருமந்திர ஓலையாகி, ஓலைநாயகத்தின் ஒப்புப் பெற்று, வரிப்பொத்தகத்தில் ஏறும். போருக்குச் சென்ற ஓலைகளும் அவ்வாறே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்; ஆயின் ஓலைகள் அழிந்தன. நிலத்தோடு தொடர்புற்றது மட்டும் கல்லில் ஏறி நின்றது. ஆதலின் ஆணையின் சொற்களை நாம் கேட்பது, வென்றவர் வீட்டாரின் உரிமையை நிலைநாட்டுவோர் வாய்வழியாகவே என்பதனை மறத்தல் ஆகாது.

போரின் தோற்றம் பலரும் அறிந்ததே. பராக்கிரம பாண்டியனுக்கும் குலசேகர பாண்டியனுக்கும் மதுரை பற்றிய பூசல் மூண்டது. முற்றுகையுண்ட பராக்கிரமன் ஈழத்து மன்னன் பராக்கிரமபாகுவிடம் துணை வேண்டினன். படை வருமுன்னரே அவனையும் அவன் மனைவி மக்களையும் குலசேகரன் கொன்றான் என்று சூளவம்சம் கூறும். துணை வேண்டியவன் இறந்தபின் துணைப்படைக்கு வேலை யாது? பராக்கிரமபாகு தன் தண்டநாயகன் இலங்காபுரனைத் திருப்பியழைத்தானல்லன். இறந்தவன் வழித்தோன்றல் ஒருவனுக்கு அந்நாட்டை அளிக்குமாறு ஆணையைப் புதுக்கினான். வீரபாண்டியன் என்னும் இளவல் பின்னர் வெளிப்பட்டனன். ஆணை முன்னும் உரிமையாளன் பின்னுமாக அமைந்த இம்முறை ஈண்டுக் கருதத்தக்கது.

குலசேகரன் பக்கமும் வெறுமையாக இல்லை. அவன் தாய்மாமன் படைகள் இரு கொங்கிலிருந்தும் வந்தன என்று அதே நூல் குறிக்கின்றது. இன்று பின்னலாடைத் தொழிலால் பெயர்பெற்று விளங்கும் திருப்பூரும், அவிநாசியும், தாராபுரமும் அடங்கிய கொங்கு மண்டலத்தின் வீரர் வையைக் கரைப் பூசலில் குருதி சிந்தினர் என்பதனைக் கொங்கு வரலாறு எழுதுவோர் இன்னும் விரித்தெழுதல் வேண்டும்.

குலசேகரன் இறுதியில் சோழனை அடைந்து, தன் நாட்டைத் தனக்குத் தரல் வேண்டும் என்று முறையிட்டான். அரியணையில் அமர்ந்து அதனைக் கேட்ட இராசாதிராசனின் சொந்த உரிமையே எளிதில் நிலைபெற்றதன்று. இரண்டாம் இராசராசன் இறந்தபோது அவன் பிள்ளைகள் ஒரு வயதும் இரண்டு வயதுமே நிரம்பிய குழவிகள். விக்கிரம சோழன் மகள்வயிற்றுப் பேரனான எதிரிலிப்பெருமாள் கங்கைகொண்ட சோழபுரத்தினின்றும் முன்னரே வருவிக்கப்பட்டிருந்தான். திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பியாகிய பல்லவராயர், ஆயிரத்தளிப் படைவீட்டை விட்டு நீங்கி, அக்குழவிகளையும் அந்தப்புரத்தையும் இராசராசபுரத்திலே இருத்திக் காத்தார். பின்னர் எதிரிலிப்பெருமாளுக்கு இராசாதிராசன் என்று முடிசூட்டி, உடன்கூட்டமும் நாடும் ஒன்றுபட்டு நிற்கச் செய்தார். (தாராபுரத்துக்கும் இராசராசபுரம் என்னும் பெயர் வழங்கியதுண்டு. ஈண்டுக் குறித்தது குடந்தையை அடுத்த தாராசுரமே. பெயரொற்றுமை கண்டு மயங்கற்க.) நாட்டினை ஒன்றுபடுத்த வேண்டியிருந்தது எனின், ஒன்றுபடாத நிலை ஒன்று இருந்தது என்பது தானே போதரும். 1163-ஆம் ஆண்டையொட்டிய இந்நிகழ்ச்சிகளின் முன்பின் முறைபற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உளது. நம் பொருளுக்கு அஃது இடையூறன்று.

வேந்தன் பல்லவராயர்க்கு இட்ட ஆணை இரு கூறுடையது. குலசேகரனை மீண்டும் பாண்டி நாட்டிற்கு உரியனாக்குதல் ஒன்று. நாட்டிற் புகுந்த இலங்காபுரித் தண்டநாயகன் முதலியோர் தலைகளை மதுரை வாயிலில் தைத்தல் மற்றொன்று. தன்னை அரசனாக்கியவர்க்கே மற்றொருவனை அரசனாக்குமாறு ஆணை தந்தான் இராசாதிராசன். இதனை வேந்தனின் ஆணை என்பதா, அமைச்சர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட ஆணைக்கு வேந்தன் ஒப்புதல் என்பதா? பின்னதே பொருந்தும் என்பது எம் கருத்து.

அச்சம் தொண்டை நாடு வரை பரவியிருந்தது. எதிரிலிசோழச் சம்புவராயர் வேண்டுகோளால் உமாபதிதேவர் இருபத்தெட்டு நாள் வழிபாடு ஆற்றினார் என்றும், ஈழத் தலைவர் ஓடிய செய்தி வந்தபின் அவர்க்கு ஆர்ப்பாக்கம் வழங்கப்பெற்றது என்றும் காஞ்சியை அடுத்த அவ்வூர்க் கல்வெட்டுக் கூறும். ஆணை நிறைவேறிற்று என்று பல்லவராயன்பேட்டைச் சாசனம் மொழிகின்றது. சூளவம்சமோ இலங்காபுரன் தலை வீழ்ந்ததைக் கூறாது, பாண்டு விசயகம் என ஓர் ஊர் வெற்றியின் பெயரால் அமைக்கப்பட்டதையே கூறுகின்றது. இரண்டும் தத்தம் மன்னர்க்கு உரைத்த உரைகள். எனினும் சோழர் சான்று பின்வந்த நிகழ்ச்சிகளோடு இயைவதால், ஈழப்படை இறுதியில் பின்வாங்கிற்று என்று கொள்வதில் தடையில்லை.

பின்வந்தவற்றைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டில் காண்கின்றோம். அது பன்னிரண்டாம் ஆட்சியாண்டினது. பெருமானம்பி நோயால் இறந்துவிட்டார். இப்போது படை நடத்துபவர் பழையனூர் வேதவனமுடையான் அம்மையப்பனாகிய அண்ணன் பல்லவராயர். ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் பராக்கிரமபாகு மீண்டும் படையும் கலங்களும் கூட்டினான். அது தெரிந்ததும், ஈழ அரசுரிமை வேண்டிச் சோழ நாட்டில் இருந்த அவன் மருமகன் சீவல்லபனோடு படையொன்று கடல் கடந்தது. இங்கும் பிறர் வீட்டு உரிமைப் பூசலே சோழர்க்குக் கருவியாயிற்று. பராக்கிரமபாகு வேறு வழி தேடினான். தான் முன்பு எதிர்த்த குலசேகரனையே நட்பாக்கிக்கொண்டான். குலசேகரன் சோழர் பக்கம் நின்ற தலைவர்களை வெள்ளாற்றின் வடகரைக்குப் போக்கி, மதுரை வாயிலில் தைத்திருந்த தலைகளையும் அகற்றினான்.

உடனே இரண்டாம் ஆணை பிறந்தது: குலசேகரனை நீக்கி, பராக்கிரம பாண்டியன் மகன் வீரபாண்டியனுக்கு மதுரையை அளிக்க. யார் பொருட்டு ஈழப்படை கடல் கடந்ததோ அவனையே சோழர்படை அரியணை ஏற்றிற்று. முன்னர் அரசுரிமையற்றவனாகக் கருதப்பட்டவன் சில ஆண்டுகளில் உரிமையுடையவன் ஆனான். அவன் பிறப்பில் மாற்றம் ஏதும் இல்லை. இரு ஆணைகளிலும் மாறாது நிற்பது ஒன்றே: மதுரையில் ஈழத்தின் கை இருத்தலாகாது. முறையான பாண்டியன் யாவன் என்னும் வினாவுக்கு விடை கூறுவன போல் அமைந்தாலும், அவ்வாணைகள் அவ்வினாவை எழுப்பியனவே அல்ல. இச்செயலை முடித்த அம்மையப்பன் பழையனூரில் பத்து வேலி நிலம் இறையிலியாகப் பெற்றார். அக்கொடையின் பொருட்டே இவ்வாணையும் கல்லேறியது.

வீரபாண்டியனும் நெடுநாள் சோழர்க்கு அடங்கியிருந்தானல்லன், ஈழத்தோடு சேர்ந்தான். 1178-இல் பட்டம் பெற்ற மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சோழர்படை மீண்டும் மதுரை புகுந்து, அவனை ஓட்டி, விக்கிரம பாண்டியனை அரியணை ஏற்றியது.