மேசையும் விசுப்பலகையும்



திண்டுக்கல் என்றதும் உங்களுக்குப் பூட்டு நினைவுக்கு வரும். பூட்டு தமிழ்ச் சொல். அதைத் திறக்கும் சாவியோ போர்த்துக்கீசியரிடமிருந்து நாம் பெற்ற சொல். அவர்களிடமிருந்து வந்த மற்றொரு சொல் மேசை. தரையில் இலை விரித்துண்ட நம் முன்னோருக்கு உணவு மேசை தேவைப்படவில்லை. அம்மேசையும் அதன் இருபுறத்து விசுப்பலகைகளும் நம் நாட்டு வரலாற்றில் பெற்ற இடத்தைச் சிறிது காண்போம்.

முதலில் தச்சரின் வேலையைக் கவனியுங்கள். மேசையின் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம். விசுப்பலகையின் உயரம் 18 அங்குலம். இடையிலுள்ள 12 அங்குலமே இரண்டையும் ஏற்ற இணையாக்குகிறது. ஆளுக்கு 2 அடி என்று கொண்டால், 6 அடிப் பலகையில் மூவர் அமரலாம். காலில் துளையிட்டு, சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி அதனுள் இறக்குவர். ஆணியைவிட இவ்விணைப்பு நெடுநாள் உழைக்கும். மரம் ஈரத்துக்கேற்ப அகலவாட்டில் விரியும், சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. ஆகவே மேற்பலகையைச் சிறிது அசைய இடம்விட்டே பொருத்த வேண்டும். இல்லையேல் கோடையில் வெடித்துவிடும்.

மேசை செய்வது எளிது. அதில் எல்லாரையும் ஒன்றாக அமர்த்துவதுதான் அரிதாயிற்று. 1922ஆம் ஆண்டில் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்காகக் குருகுலம் நிறுவினார். அங்கே பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி நடந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கண்டித்தனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் எழுந்த அப்பூசல் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. ரயில் நிலைய உணவுச்சாலைகளிலும் இவ்வாறே தனியிடம் இருந்தது. கிளர்ச்சிகளுக்குப் பின், 1941இல் அது நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு உணவு விடுதிகளில் வேற்றுமை காட்டுவதைத் தடுத்தது.

காந்தியடிகள் வேறொரு வழியும் கண்டார். 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தில் நூற்பு, உழவு ஆகியவற்றோடு தச்சும் இடம் பெற்றது. கைத்தொழிலை இழிவென்று எண்ணாத மாணவன், தொழிலாளியையும் இழிவென்று எண்ணான் என்பது அதன் கருத்து. நம் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியருகே, டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தோற்றுவித்த காந்திகிராமம் அந்நெறியில் எழுந்ததே.

இனி என் அனுபவம் ஒன்று. நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, இச்சமவெளியின் சிற்றூர்ப் பள்ளியொன்றில் மாணவர்கள் தெருவாரியாகப் பிரிந்து மதிய உணவு உண்டனர். அதைக் கண்டும் ஓராண்டு நான் வாய் திறக்கவில்லை. மறு ஆண்டு புயற்காற்றில் பள்ளி வேம்பு சாய்ந்தது. அதனை அறுத்துக் காயவைத்து, ஊர்த் தச்சர் இரண்டு மேசைகளும் நான்கு விசுப்பலகைகளும் செய்து தந்தார். எட்டாம் வகுப்பில் பன்னிரண்டு பேர். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி அமர வேண்டும் என்றேன். ஒரு மாணவன் மட்டும் தட்டுடன் சுவரோரம் நின்றே உண்டான். நான் அவனை வற்புறுத்தவில்லை. அவனுடைய இடத்தைப் பிறருக்குத் தரவுமில்லை. நான்காம் நாள் அவன் வந்து அமர்ந்தான். பக்கத்திலிருந்தவன் சற்று நகர்ந்து இடம் கொடுத்தான், அவ்வளவுதான் நடந்தது.

அந்த மாற்றத்தை எண்ணி மகிழும்போதெல்லாம், வாளாவிருந்த அவ்வோராண்டு என் மனத்தை உறுத்துகிறது. சட்டம் 1950இலேயே வந்துவிட்டது. அந்தப் பலகை வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. உங்கள் பள்ளியில், விடுதியில், எவரேனும் தனியே அமர்ந்து உண்பதைக் கண்டால், என்னைப் போல் ஓராண்டு காத்திராதீர்கள். சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்.