கல்கத்தாவின் கம்பியும் குடும்பத்தின் கணக்கும்



சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பம், புது வீட்டில் பால் காய்ச்சிய மறுநாள் எதைத் தேடுகிறது? முன்னாளில் நல்ல புழுங்கலரிசி கிடைக்கும் கடையையும், காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையையும் தேடிற்று. இன்று அவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் தேடுகிறது. வீட்டுக்கு இணைய இணைப்புத் தருகிறவர் யார், மாதத்துக்கு என்ன கேட்கிறார் என்பதே அது.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அத்தெருக்களில் நின்று அண்ணாந்து பார்த்தால், கம்பத்துக்குக் கம்பம் கருங்கொடிகள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். அவற்றுள் எந்தக் கொடி நம் வீட்டுக்கு ஏற்றது என்று தெரிந்துகொள்ள, இந்நகரத்துக்குக் கம்பி வந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

இந்திய நாட்டில் மின்சாரத்தால் செய்தி அனுப்பும் முயற்சி முதன்முதலில் நடந்தது இந்நகரில்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷானெஸ்ஸி என்ற மருத்துவர், 1839ஆம் ஆண்டில் தாவரவியல் தோட்டத்துக்கு அருகில் 21 மைல் நீளக் கம்பியைக் கட்டி, அதன் வழியே மின்குறிகளை அனுப்பிக் காட்டினார். அரசாங்கம் அதனைப் பயன்படுத்த முன்வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி இயங்கலாயிற்று. கப்பல்களின் வரவை நகரத்துக்கு விரைந்து அறிவிப்பதே அதன் முதற் பணி. இம்முயற்சியில் ஓஷானெஸ்ஸிக்கு வலக்கை போல் விளங்கியவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளத்துப் பெரியார். பின்னாளில் அவர் அமைத்த தந்திப் பாதைகளில், விலையுயர்ந்த கம்பங்களுக்குப் பதிலாகப் பனைமரங்களையே நட்டுச் செலவைக் குறைத்தார் என்பர். பனையை அறிந்த தமிழர்க்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும்.

1855ஆம் ஆண்டில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முகவரியையும் சேர்த்துப் பதினாறு சொற்களுக்கு, 400 மைல் தொலைவுக்கு ஒரு ரூபாய் என்பது அன்றைய கட்டணம். அக்காலத்தில் ஒரு ரூபாய் என்பது கூலியாளின் பல நாள் வருமானம். கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு அன்று நேர்க்கம்பி இல்லை. செய்தி ஆக்ராவுக்குச் சென்று, பம்பாயைத் தொட்டு, பிறகே சென்னையை அடையும். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விலை ஒரு ரூபாய் என்று மட்டும் கேட்டவர் பாதியே அறிந்தவர் ஆவார். சொல்லை எண்ணுகிறார்கள், தொலைவையும் எண்ணுகிறார்கள் என்று அறிந்தவரே முழுவதும் அறிந்தவர். தந்தி எழுதும் தமிழர் உறவுச் சொற்களையெல்லாம் நீக்கி, 'உடனே புறப்படு' என்று வறட்டு மொழியில் எழுதப் பழகியதற்கு இக்கணக்கே காரணம்.

அடுத்து வந்தது தொலைபேசி. 1882ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், கவுன்சில் ஹவுஸ் தெருவின் 7ஆம் எண் கட்டடத்தில் கல்கத்தாவின் முதல் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. சந்தாதாரர் 93 பேர். நடத்தியது ஓரியண்டல் தொலைபேசிக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம். 1943இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களின் தொலைபேசி சர்க்கார் வசமாயிற்று. அதன்பின் ஐம்பதாண்டுக் காலம், இணைப்பு வேண்டுவோர் யாரிடம் வாங்குவது என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. விற்பவர் ஒருவரே. எப்போது கிடைக்கும் என்பதுதான் கேள்வி. மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல. ஊரில் ஒருவர் உடல்நலம் குன்றினால், டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அண்டை வீட்டாரின் கூடத்தில் இரவெல்லாம் விழித்திருந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

1995ஆம் ஆண்டு இந்நகருக்கு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள், முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல் அதுவே. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 15ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற சர்க்கார் நிறுவனம் இணைய சேவையைப் பொதுமக்களுக்கு அளிக்கத் தொடங்கியது. அச்சேவை கிடைத்த முதல் நகரங்களில் கல்கத்தாவும் சென்னையும் இருந்தன. தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய், அதாவது மணிக்கு 20 ரூபாய். தொலைபேசிக் கட்டணம் இதற்குப் புறம்பானது. இணையம் இயங்கும் வரையில் அத்தொலைபேசியில் பேசவும் இயலாது. வேகமோ, நொடிக்கு 9.6 கிலோபிட். ஒரு மெகாபைட் அளவுள்ள குடும்பப் படம் ஒன்று வந்து சேர ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். சொல்லையும் தொலைவையும் எண்ணிய கம்பி இப்போது மணியை எண்ணத் தொடங்கியது.

1998இல் தனியாருக்கும் இத்தொழில் திறந்துவிடப்பட்டது. 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகமும், எந்நேரமும் தொடுப்பில் இருக்கும் தன்மையும் உடையதே பிராட்பேண்ட் என்று இலக்கணம் வகுத்தது. மறு ஆண்டு முதல் பழைய தொலைபேசியின் செப்புக்கம்பியிலேயே பேச்சும் இணையமும் சேர்ந்து ஓடலாயின. அதே படம் இப்போது அரை நிமிடத்தில் வந்தது. 2023இல் அவ்விலக்கணம் நொடிக்கு 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. இதற்கிடையில் கொல்கத்தாவில் பாடா எனப்படும் குடியிருப்புப் பகுதிதோறும் தொலைக்காட்சிக் கேபிள் நடத்திவந்தோர் இணையக் கேபிளையும் இழுக்கலாயினர். அலையன்ஸ், மேகபேலா, விஷ்நெட் முதலிய உள்ளூர் நிறுவனங்களும், நாடெங்கும் தொழில் நடத்தும் பெரு நிறுவனங்களும், சர்க்காரின் பி.எஸ்.என்.எல்.லும் இன்று ஒரே தெருவில் ஒளியிழையை, அதாவது ஃபைபரை, கொண்டுவந்து நிறுத்துகின்றன. விற்பவர் ஒருவராக இருந்த காலம் போய், யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாத காலம் வந்துவிட்டது.

இவ்விடத்தில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அறிவிப்புகளையும் விதிமுறைகளையும் மொழிபெயர்ப்பது என் உத்தியோகம். ஆகவே சிறிய எழுத்தைப் படிப்பதில் தேர்ந்தவன் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது. 2019இல் எங்கள் தெருவில் கிடைத்த இணைப்புகளுள் மாதம் அறுபது ரூபாய் குறைவாக இருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஆறு மாதப் பணத்தை முன்னதாகவே கட்டினேன். முன்பணமும் மாதந்தோறும் ஒழுங்காகத் தொடர்ந்தது. 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் வந்தது. ஊரடங்குக் காலம். நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றோடு கம்பங்களும் கொடிகளும் சாய்ந்தன. மின்சாரம் போயிற்று, செல்பேசியும் ஊமையாயிற்று. திருவையாற்றில் தனியே இருந்த என் தாயார், நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு என் பெண்ணின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசுபவர். கல்கத்தாவில் புயல் என்று தொலைக்காட்சியில் கண்டவருக்கு, எங்கள் குரல் கேட்டது மூன்றாம் நாள், அதுவும் நண்பர் ஒருவரின் செல்பேசி வாயிலாக. பக்கத்து வீட்டாரின் இணைப்பு, அறுபது ரூபாய் கூடுதல் கட்டியது, ஐந்தாம் நாள் உயிர் பெற்றது. எங்களுடையது பதினொன்றாம் நாள். பழுது பார்க்க எங்கள் நிறுவனத்துக்கு அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே ஆள்தான் என்பது பிறகு தெரிந்தது. அந்த மனிதரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அவர் இரவு பகலாய் ஏணியில் நின்றார். நான்தான் விலையைக் கேட்டேனே தவிர, அறுந்தால் யார் கட்டுவார்கள் என்று கேட்கவில்லை.

ஆகவே, இணைப்பு வாங்கப் புகும் குடும்பத் தலைவரும் தலைவியும் விலைப்பட்டியலைக் கையில் எடுக்குமுன், தம் வீட்டுத் தேவையை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? தெளிவான திரைப்படம் ஒன்றுக்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் போதும். முகம் பார்த்துப் பேசுவதற்கு அதனினும் குறைவே வேண்டும். நால்வர் உள்ள வீட்டில் நால்வரும் ஒருசேரப் பார்த்தாலும் 30 அல்லது 40 மெகாபிட் இணைப்பு தாராளமாகப் போதும். நூறும் இருநூறும் கவர்ச்சியாகத் தோன்றினும், அந்த வேகத்தை நாம் பயன்படுத்தப்போவதில்லை. மேலும், எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆதலால் 40 மெகாபிட் என்றால் நொடிக்கு 5 மெகாபைட்டே வரும். தனியே தங்கி உத்தியோகம் பார்க்கும் இளைஞருக்குச் செல்பேசி இணையமே போதுமானதாக இருக்கலாம். குடும்பத்துக்குத்தான் வீட்டு இணைப்பு சிக்கனமாகும்.

இரண்டாவது, விளம்பரத்தில் காணும் விலை முழு விலை ஆகாது. 500 ரூபாய் என்றால், 2017 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் சேர்ந்து 590 ஆகும். பொருத்துகூலி, வைப்புத்தொகை, ரூட்டர் பெட்டியின் விலை அல்லது வாடகை ஆகியவற்றையும் கூட்டி, ஆண்டுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துப் பிறகே ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, 'அன்லிமிடெட்' என்ற சொல்லைப் பற்றியது. இதனை 'வரம்பற்ற' என்று தமிழாக்கலாம். ஆயினும் அச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக்குறி இருந்தால், பக்கத்தின் அடியில் வரம்பு எழுதப்பட்டிருக்கும் என்பது பொருள். மாதத்தில் இத்தனை ஜிகாபைட் ஆனபின் வேகம் குறைக்கப்படும் என்பதே பெரும்பாலும் அந்த வரம்பு. அந்த அளவு எவ்வளவு, குறைந்தபின் வேகம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

நான்காவது, பட்டியலினும் அண்டை வீட்டாரின் சொல் மேலானது. அதே கட்டடத்தில் அதே இணைப்பை வைத்திருப்பவரிடம், இரவு எட்டு மணிக்குமேல் வேகம் எப்படி, சென்ற மழைக்காலத்தில் அறுந்தபோது எத்தனை நாளில் வந்தார்கள் என்று கேளுங்கள். வங்காளிகள் தம் பாடாவைப் பற்றி மனங்கொண்டு பேசுவார்கள். ஒரு கோப்பைத் தேநீருக்குள் உண்மை முழுவதும் வந்துவிடும். பழுதைப் புகார் செய்தால் புகார் எண்ணைத் தவறாமல் குறித்துக்கொள்க. தீர்வு கிட்டாதபோது நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்வதற்கு அந்த எண்ணே சீட்டு.

கடைசியாக, நம்மைப் போன்று மாற்றல் உத்தியோகத்தில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஒன்றிரண்டு மாதம் இலவசம் என்பார்கள். மாற்றல் உத்தரவு ஜூன் மாதத்தில் வந்தால் எஞ்சிய பணம் திரும்புமா, இணைப்பைப் புது முகவரிக்கு மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். விடை தெளிவாக இல்லையேல் மாதச் சந்தாவே உத்தமம்.

1855இல் சொல்லையும் மைலையும் எண்ணினார்கள். 1995இல் மணியை எண்ணினார்கள். இன்று ஜிகாபைட்டை எண்ணுகிறார்கள். அளவுகோல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எது அளக்கப்படுகிறது என்று கேட்டுவிட்டு விலையைக் கேட்பவர் அன்றும் ஏமாறவில்லை, இன்றும் ஏமாறுவதில்லை. அதனோடு, எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத ஓர் அளவையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கம்பி அறுந்தால் எத்தனை நாள் என்பது. இப்போது நான் மாதம் அறுபது ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறேன். மாலை ஏழு மணிக்குத் திருவையாற்றில் ஒரு முதியவள் திரையின் முன் வந்து அமர்கிறாள். அவளைக் காக்க வைக்கலாகாது.