ரங்கநாத சாஸ்திரி, சி. வி.

சி. வி. ரங்கநாத சாஸ்திரி (சுமார் 1819 – 5 ஜூலை 1881) சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகவும், பின்னர் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர், பன்மொழி அறிஞர். சித்தூர் வட்டாரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சித்தூர் அப்போது வடஆர்க்காடு ஜில்லாவின் தலைநகர்; 1911-இல்தான் தனி மாவட்டமானது. 

சாஸ்திரியின் தந்தை சம்ஸ்கிருதம் படித்தவர். குத்தகைப் பாக்கி கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். வீட்டில் திதி வந்தது. பன்னிரண்டு வயது வாக்கில் இருந்த பையன் சித்தூர் ஜில்லா நீதிபதி கசமேஜரிடம் போய், அப்பா திதி கொடுத்துவிட்டு வரட்டும், அதுவரை அவருக்குப் பதிலாக நான் சிறையில் இருக்கிறேன் என்று கேட்டானாம். மனம் இளகிய நீதிபதி தந்தையை விடுவித்ததோடு, பையன் ஆங்கிலம் படிக்கவும் வழிசெய்தார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பெரிய மனிதர்களின் இளமைக்கு இப்படிப்பட்ட கதைகள் வந்து சேர்வது வழக்கம்தான். ஆனால் வரிப்பாக்கிக்கும் குத்தகைப் பாக்கிக்கும் ஆளைப் பிடித்து அடைப்பது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சாதாரணமாக நடந்த காரியம் என்பதால், இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது.

சென்னையில் பிஷப் காரி பள்ளியிலும், பின்பு பவல் தலைமை ஆசிரியராக இருந்த உயர்நிலைப் பள்ளியிலும் படித்து முதல் வகுப்பில் தேறினார். அந்தப் பள்ளிதான் பிற்காலத்தில் மாநிலக் கல்லூரி ஆயிற்று.

உச்ச நீதிமன்றத்து வேலையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1801-இல் ஏற்பட்ட அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். வட்டிக் கணக்கையும் பாகப்பிரிவினைச் சண்டையையும் சாட்சி தன் ஊர்ப் பேச்சில்தான் சொல்வார். அதில் நீதிபதியின் காதுக்குப் போவது மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது மட்டுமே. அவர் ஒன்றைக் கூட்டினாலோ விட்டாலோ வழக்கே திசைமாறிவிடும். கையூட்டுக்கு இதைவிட வசதியான இருக்கை கிடையாது. அந்த இருக்கையில் நாணயம் கெடாமல் இருந்தார் என்பதை, தமிழ், தெலுங்கு, கன்னடம், மராத்தி, ஹிந்துஸ்தானி, பாரசீகம், ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் என்று நீளும் அவருடைய மொழிப் பட்டியலைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டும்.

1859-இல் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார். 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட நீதிமன்றம் அது. கைமாற்றுக் கடன், கடைப் பாக்கி, கூலித் தகராறு போன்ற சிறு தொகை வழக்குகளே அங்கே வரும். பெரிய தீர்ப்புகளால் பேர் எடுக்கிற இடமல்ல; ஆனால் ஊர் ஜனங்கள் நேரே படியேறுகிற இடம். கட்சிக்காரரின் மொழியிலேயே அவரை விசாரிக்கக்கூடிய நீதிபதி அங்கே இருந்தது சாதாரண விஷயமல்ல. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் சம்புநாத் பண்டிதர் நீதிபதியானது 1863-இல். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் இந்தியராகத் தி. முத்துசாமி ஐயர் அமர 1870-களின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் சிறுவழக்கு நீதிமன்றத்தின் வழியாகத்தான் அங்கே போனார். சாஸ்திரி கடைசிவரை உயர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

1880-இல் ஓய்வுபெற்ற பின் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டு, மறு ஆண்டே காலமானார். பேரர் சி. வி. குமாரசாமி சாஸ்திரி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். விசாரணையின்றிச் சிறைவைக்க இடம் தந்த ரௌலட் சட்டத்துக்கு அடிகோலிய ரௌலட் குழுவில் உறுப்பினராகி நாட்டின் கோபத்துக்கும் ஆளானார். குமாரசாமியின் சகோதரி சீதம்மாளை மணந்தவர் திருவிதாங்கூர் திவான் சி. பி. ராமசாமி ஐயர்.