கேமரா இல்லாத போனும் நம் ஊர்ச் சொல்தாக்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் இப்போதே படியுங்கள், மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் காரைக்கால் வந்திருந்தார். பேச்சோடு பேச்சாகப் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துக் காட்டினார். பெரிய கம்பெனி போன்தான். ஆனால் பின்பக்கம் கேமரா இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடிக்குப் பதில் ஒரு கறுப்பு அடைப்பு. முன்பக்கமும் அப்படியே. "பையன் நேஷனல் சர்வீஸ் போனப்ப வாங்குனது சார். கேமராவை எடுத்துட்டுக் குடுக்கறதுக்குத் தனியாக் காசு வாங்குனாங்க" என்றார். இல்லாத ஒன்றுக்குக் கூடுதல் விலை! கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் விளக்குங்கள். நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

முதலில் சிங்கப்பூர் கதை. 1965இல் தனி நாடானபோது அந்தத் தீவிடம் சொல்லிக்கொள்ளும்படி ராணுவம் இல்லை. 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அதன்படி பதினெட்டு வயதான ஆண்பிள்ளை ராணுவத்திலோ காவல் துறையிலோ குடிமைத் தற்காப்புப் படையிலோ சேர்ந்தாகவேண்டும். இப்போது அது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. குடிமக்களின் பிள்ளைகள் மட்டுமல்ல, நிரந்தரவாசம் பெற்றுத் தங்கியவர்களின் பிள்ளைகளும் போகவேண்டும். நம் பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் போனவர்கள், பிறகு விமானத்தில் போனவர்கள் எல்லோருடைய பேரப்பிள்ளைகளும் இதில் அடக்கம். பெரும்பாலானவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி பூலாவ் தெக்கோங் என்ற தீவில். பெற்றோர் படகில் கூடவே போய், மொட்டை அடிக்கப்போகும் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

அந்தப் பிள்ளை வீட்டோடு பேச ஒரு போன் வேண்டாமா? சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. 2000 நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் கம்பெனியின் கேமரா போன் வந்தது. 2002இல் நோக்கியா 7650. அதற்குப் பின் நாலைந்து ஆண்டுகளில் கேமரா இல்லாத போன் என்பதே ஏழைகளின் போனாகிவிட்டது. நம் ஊர் மீன்காரர் கையில் இருந்த, டார்ச் வைத்த நோக்கியா 1100ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ராணுவ முகாம்களில் கேமரா போனுக்குத் தடை. பையன்களுக்கோ மின்னஞ்சல் வேண்டும், வரைபடம் வேண்டும், அரட்டை வேண்டும். கேமரா மட்டும் இல்லாத, மற்றதெல்லாம் இருக்கிற போன் வேண்டும்.

அப்படிச் சில போன்கள் இருக்கவும் செய்தன. நோக்கியா இ61, பிளாக்பெர்ரி 8800. இவை அலுவலக அதிகாரிகளை மனதில் வைத்துச் செய்தவை. அந்த அலுவலகங்களுக்கும் ரகசியப் பயம் உண்டே! நோக்கியா இ51இன் கேமரா இல்லாத பதிப்பு ஒன்றும் வந்தது. பதினெட்டு வயசுப் பையன் வங்கி மேலாளர் வைத்துக்கொள்ளும் போனோடு முகாமுக்குள் நடந்தது இந்தக் காலத்தில்தான். ஐபோன், ஆண்ட்ராய்டு வந்தபின் அதுவும் போதவில்லை. கடைகளில் போனைப் பிரித்துக் கேமராவைக் கழற்றி, ஓட்டையை அடைத்துக் கொடுத்தார்கள். கழற்றினால் கம்பெனி உத்தரவாதம் போய்விடும். போனை மறுபடி விற்கப்போனாலும் விலை கிடைக்காது. சிங்கப்பூரிலேயே ஐநோ மொபைல் என்ற பெயரில் இதற்கென்றே கேமரா இல்லாத ஸ்மார்ட்போன் விற்றார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை இரண்டு போன் வைத்துக்கொண்டான், முகாமுக்கு ஒன்று, வெளியில் ஒன்று. வசதி இல்லாதவன் மலிவான பொத்தான் போனோடு காலம் தள்ளினான். உடையும் துப்பாக்கியும் அரசு கொடுத்தது. கேமரா இல்லாத போனை மட்டும் வீட்டார் வாங்கவேண்டியிருந்தது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு முகாம்களைச் சிவப்புப் பகுதி, பச்சைப் பகுதி என்று பிரித்து, பச்சைப் பகுதியில் கேமரா போனை விட்டார்கள். என் மாணவர் வீட்டுப் போன் அலமாரிக்குள் போனது அப்படித்தான்.

படம் எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 2007இல் இராக்கில் ஒரு அமெரிக்கத் தளத்துக்குப் புதிதாக ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின. வீரர்கள் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். படத்துக்குள்ளேயே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருந்தது. எதிரிகள் அதைப் பார்த்துப் பீரங்கிக் குண்டு வீசி நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அழித்தார்கள். ராணுவத்தின் பயம் வெறும் பயம் இல்லை.

ஆனால் இது புதுப் பயமும் இல்லை. நூறு ஆண்டுக்கு முன்னாலேயே 'கேமரா இல்லாத போன்' ஒன்று இருந்தது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு அஞ்சலட்டை கொடுத்தது. அதில் வாக்கியங்கள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உங்கள் கடிதம் வந்தது என்பது போல. பொருந்தாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் போடவேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும். எழுதும் வசதியைக் கழற்றிவிட்ட கடிதம்! அம்மாவுக்குப் பிள்ளை உயிரோடு இருப்பது தெரியும், வேறு எதுவும் தெரியாது.

முழுக் கடிதம் எழுதினால் தணிக்கை. 1914 செப்டம்பர் முதல் பிரான்சுக்கு வந்து இறங்கிய இந்தியப் படையினரின் கடிதங்களைப் படிக்க பூலோன் நகரில் தனி அலுவலகமே இருந்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய் என்று பூடகமாக எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று ஊருக்கு எழுதினால் வீட்டாருக்குப் புரிந்துவிடும். தணிக்கை அதிகாரிகளுக்கும் புரிந்துவிட்டது, அது வேறு கதை. அவர்கள் குறித்து வைத்ததால்தான் இன்று நமக்கே தெரிகிறது.

கேமராவுக்கும் அப்போதே தடை வந்துவிட்டது. கோடக் கம்பெனி 1912இல் சட்டைப் பையில் அடங்கும் 'வெஸ்ட் பாக்கெட்' கேமராவைக் கொண்டுவந்து, போர் தொடங்கியதும் அதைச் சிப்பாயின் கேமரா என்றே விளம்பரம் செய்தது. 1914 கிறிஸ்துமஸ் அன்று சில இடங்களில் இரு தரப்பு வீரர்களும் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள் அல்லவா? அதைச் சிலர் படமெடுத்தார்கள், 1915 ஜனவரியில் லண்டன் பத்திரிகைகளில் படம் வந்தது. பகைவனோடு தோளுரசி நிற்கும் படம்! பிரிட்டிஷ் ராணுவம் அந்த மாதங்களிலேயே வீரர்கள் கேமரா வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவிட்டு, பிறகு அதைக் கடுமையாக்கியது.

அந்தப் படத்தில் பீரங்கி எங்கே இருக்கிறது என்ற ரகசியம் ஏதும் இல்லை. இருந்தது மேலிடத்துக்கு ஒரு தர்மசங்கடம். தடை என்ற ஒரே பூட்டுக்குள் ரகசியமும் இருக்கும், வெட்கமும் இருக்கும். 2004இல் இராக்கின் அபு கிரைப் சிறையில் நடந்த கொடுமை உலகத்துக்குத் தெரிந்தது எப்படி? அங்கே பணியில் இருந்த வீரர்களே டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களால். அந்தச் சிறையில் கேமராத் தடை ஒழுங்காக நடந்திருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முகாமில் கேமரா வேண்டாம் என்பவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

பிரான்சுக்காரர்கள் வழி இன்னும் வேடிக்கை. ஒரு பக்கம் கட்டுப்பாடு, இன்னொரு பக்கம் 'லு மிருவார்' என்ற பாரிஸ் வாரப் பத்திரிகை போர்முனைப் படங்களுக்குப் பரிசு அறிவித்து வீரர்களிடமிருந்தே வாங்கியது. 1915இல் ராணுவம் தனக்கென்று புகைப்படப் பிரிவு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. படம் வேண்டும், ஆனால் நாங்கள் எடுத்த படம்தான் வேண்டும் என்பது பொருள்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் வருகிறது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துச் சட்டம் அல்லது முஸ்லிம் சட்டத்தின் கீழான தம் உரிமைகளை விட்டுக்கொடுத்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும், மற்றவர்களும், பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார்கள். 'சொல்தா' என்ற பிரெஞ்சுச் சொல் காரைக்கால் தமிழாகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் போனார்கள், பிறகு இந்தோசீனாவுக்கு, அல்ஜீரியாவுக்கு. புதுச்சேரிக் கடற்கரையில் 1938இல் எழுந்த நினைவுச்சின்னம் முதல் போரில் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்கானது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று நம் ஊரிலும் ஓய்வுபெற்ற சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்து மலர்வளையம் வைப்பதைப் பார்த்திருக்கிறோம்.

சொல்தா வீடுகளில் நான் பார்த்த படங்களையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். எல்லாம் ஸ்டூடியோ படம். திரைச்சீலையில் வரைந்த தூண், பக்கத்தில் ஒரு பூச்சாடி, விறைப்பாக நிற்கும் இளைஞர், இஸ்திரி போட்ட சீருடை. படத்தின் ஓரத்தில் சைகோன் கடையின் முத்திரை. சேற்றில் நின்ற படம், தூங்கும் படம், நண்பனோடு சிரிக்கும் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இதற்குத் தடை மட்டும் காரணம் இல்லை, கேமரா வாங்கும் வசதியும் எல்லோருக்கும் இருந்திருக்காது. எப்படியானாலும் விளைவு ஒன்றுதான். தாத்தா எங்கே என்ன பார்த்தார் என்று பேரன் கேட்டால் காட்ட வீட்டில் அந்தப் பூச்சாடிதான் இருக்கிறது. இரண்டு ஆண்டை முகாமில் கழித்த என் மாணவரின் மகனுக்கும் கடைசியில் மிஞ்சியது பயிற்சி நிறைவு அணிவகுப்பில் எடுத்த குடும்பப் படம்.

சரி, கேமராவை எடுத்துவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடுமா? அதுவும் இல்லை. 2017 நவம்பரில் ஸ்டிராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலி, தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைக் கவனித்துச் சொன்னார், பாலைவன இருட்டில் ராணுவத் தளங்கள் மட்டும் ஒளிக்கோடுகளாகத் தெரிகின்றன என்று. வீரர்கள் காலையில் ஓடிய தடம்! ஒரு படமும் எடுக்கவில்லை. 2023 புத்தாண்டு அன்று மகியிவ்காவில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தை உக்ரைன் ஏவுகணைகள் தாக்கின. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே சொன்னது, வீரர்கள் கைப்பேசி பயன்படுத்தியதுதான் காரணம் என்றும் சொன்னது. தன் தளபதிகளின் தவறை மறைக்கப் பழியைச் செத்தவர்கள் மேல் போட்டார்கள் என்று ரஷ்யாவிலேயே சிலர் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். நம் கடற்படை 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனையே தடை செய்தது. கேமரா இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே அங்கு இடம் இல்லை.

தென்கொரியா வேறு வழியில் போனது. அங்கும் கட்டாய ராணுவ சேவை. வீட்டோடு தொடர்பில்லாமல் பையன்கள் மனம் உடைகிறார்கள் என்பதால் 2019இல் சோதனையாகவும், 2020 ஜூலை முதல் முறைப்படியும், பணி நேரம் முடிந்தபின் போன் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். ஆனால் ராணுவத்தின் செயலி ஒன்றைப் போனில் ஏற்றவேண்டும். உள்ளே நுழைந்ததும் அது கேமராவைப் பூட்டிவிடும், வெளியே வந்ததும் திறக்கும். தனிப்போன் செலவு மிச்சம். விடுமுறையில் அம்மாவோடு படமும் எடுத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு அந்தக் கறுப்பு அடைப்புக்குத்தான். கேமரா கழற்றிய போனை வாயில் காவலர் ஒரு முறை திருப்பிப் பார்த்தால் போதும். பையனிடம் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நாளைக்கு ஏதாவது படம் வெளியானாலும் "என் போனில் கேமராவே இல்லை" என்று அவன் சொல்லலாம். செயலி அப்படி இல்லை. அவன் சொந்தப் போனுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எதைப் பூட்டுகிறது, வேறு எதைப் பார்க்கிறது என்று பத்தொன்பது வயசுப் பையன் யாரிடம் கேட்பான்? ஆகவே முகாம் கேட்கிறதென்றால் கழற்றிய போனையே கேட்கட்டும், செலவையும் முகாமே ஏற்கட்டும். மாதம் ஒரு நாள் ரகசியம் இல்லாத இடத்தில் நிறுத்தி, நண்பர்களோடு சிரிக்கும் படம் ஒன்றை அவர்களே எடுத்துக் கொடுக்கட்டும். அணிவகுப்புப் படம் வேண்டாம், அது பூச்சாடிப் படம்.

சிங்கப்பூரில் சேவை முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் இதைப் படித்தால் அப்போது என்ன போன் வைத்திருந்தீர்கள், என்ன விலை கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். காரைக்கால், திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம் சொல்தா வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் தாத்தா அனுப்பிய பழைய அட்டையோ, ஸ்டூடியோவில் எடுக்காத படமோ ஒன்றே ஒன்று கிடந்தாலும், கரையான் அரிப்பதற்குள் போனில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.