நீட்டிய கரமும் விலகிய காவலும்

மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் மக்களைக் கண்டு அஞ்சலாமா? அஞ்சாத தலைவரைக் காப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் வரலாறு ஒன்றைக் காண்போம்.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள். அமெரிக்காவின் பஃபலோ நகரில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கிருந்த இசை மண்டபத்தில் ஜனாதிபதி வில்லியம் மக்கின்லி பொதுமக்களுடன் கைகுலுக்க இசைந்திருந்தார். இதனால் ஆபத்து நேருமோ என்று அஞ்சிய அவருடைய செயலாளர் கார்ட்டெல்யூ, அந்நிகழ்ச்சியை நிரலிலிருந்து இருமுறை நீக்கினார். இருமுறையும் ஜனாதிபதி அதனைச் சேர்க்கச் செய்தார். தமக்குத் தீங்கிழைக்க எவரும் விரும்பார் என்பது அவர் துணிபு.

மண்டபத்தில் காவலர்க்கும் படைவீரர்க்கும் குறைவில்லை. ஆயினும் இரு பிழைகள் நேர்ந்தன. ஜனாதிபதியின் அருகில் வழக்கமாக நிற்கும் மெய்க்காவலரின் இடம் அன்று பொருட்காட்சித் தலைவருக்கு அளிக்கப்பட்டது. வருவோரின் கைகள் வெறுமையாக இருத்தல் வேண்டும் என்ற விதியும், வெப்பத்தால் பலர் கைக்குட்டை ஏந்தி வந்தமையால், தளர்ந்தது. லியான் சோல்கோஷ் என்பவன் கைக்குட்டை சுற்றிய கையுடன் நெருங்கினான். அதனுள் இருந்தது துப்பாக்கி. இருமுறை சுட்டான். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற ஜேம்ஸ் பார்க்கர் என்னும் கறுப்பினத்தவர் பாய்ந்து அவனைத் தாக்கினார். எனினும் செப்டம்பர் 14-இல் மக்கின்லி உயிர் நீத்தார்.

1865-இல் லிங்கன், 1881-இல் கார்ஃபீல்டு, 1901-இல் மக்கின்லி. மூன்று ஜனாதிபதிகளைப் பறிகொடுத்த பின்னரே, கள்ளப்பணத்தை ஒழிக்க நிறுவப்பெற்ற ‘சீக்ரெட் சர்வீஸ்’ துறை, 1902-இல் ஜனாதிபதியைக் காக்கும் முழுப்பொறுப்பை ஏற்றது.

நம் நாட்டிலும் இத்தகைய துயரம் நேர்ந்தது. 1948 ஜனவரி 20-இல் தில்லி பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வருவோரைச் சோதிக்கக் காவல்துறை விரும்பியது, காந்தியடிகள் இசையவில்லை. பத்து நாட்களில் அவரை இழந்தோம்.

இப்பெரியோர் மக்கள்மீது கொண்ட நம்பிக்கை போற்றத்தக்கது. ஆனால் தலைவரின் உயிர் அவருக்கு மட்டும் உரிய பொருளன்று. 1900-இல் இலட்சக்கணக்கான வாக்காளர் அளித்த தீர்ப்பை மறு ஆண்டே ஒருவனின் துப்பாக்கி மாற்றிவிட்டதன்றோ? தலைவரைக் காப்பது மக்களின் தீர்ப்பைக் காப்பதாகும்.

நாளை நீங்களும் விழாக்களை நடத்துவீர்கள். அப்போது காவலர் நிற்க வேண்டிய இடத்தை எந்தப் பிரமுகருக்கும் அளியாதீர்கள். வாயிலில் உங்கள் பையைச் சோதித்தால் முகம் சுளியாதீர்கள். ஆயிரம் பேரின் பொறுமையால்தான் தலைவர் அச்சமின்றிக் கரம் நீட்ட இயலும்.